யாருக்கு ஆகும், யாருக்கு ஆகாது: தாய்சேய் மருத்துவ வரலாறும் தமிழும்



இவ்வுரையின் பொருள் மருத்துவத்தைச் சார்ந்தது. என் துறையோ மொழியியல். ஆகவே மருத்துவ அறிவுரை கூறுவது என் நோக்கமன்று. தாய்க்கும் சேய்க்கும் அவரவர் உடலறிந்து மருத்துவம் செய்யும் முறை எவ்வாறு வளர்ந்தது, அவ்வளர்ச்சியில் மொழிக்கு என்ன பங்கு இருந்தது, இனி என்ன பங்கு இருக்க வேண்டும் என்பனவற்றை வரலாற்று வழியில் எடுத்துரைப்பதே நோக்கம்.

1. நான்காம் வேற்றுமையில் ஒரு மருத்துவம்

இம்முறையை இன்றைய செய்தித்தாள்கள் 'தனிப்பயனாக்கப்பட்ட சிகிச்சை' என்று எழுதுகின்றன. கணினித் துறைக்கு ஆக்கிய சொல்லை மருத்துவத்துக்கு இரவல் பெற்றிருக்கிறோம். அதனால் இக்கருத்தே நமக்குப் புதிது என்ற எண்ணமும் உடன் வந்துவிட்டது. நம் வீடுகளில் வழங்கும் பேச்சைக் கவனித்தால் உண்மை வேறு என்பது புலப்படும். "இந்தப் பிள்ளைக்கு இது ஆகாது", "அவள் உடம்புக்கு அது சேராது" என்று பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம். 'இது நஞ்சு' என்னும் தொடர் பொருளின் தன்மையைக் கூறுகிறது. 'இவளுக்கு இது ஆகாது' என்னும் தொடரோ பொருளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவைக் கூறுகிறது. அவ்வுறவைக் காட்டுவது 'கு' என்னும் நான்காம் வேற்றுமை உருபு.

நன்னூல் அவ்வுருபுக்குக் கூறும் பொருள்களுள் கொடையும் உண்டு, தகவும் உண்டு, பகையும் உண்டு. குழந்தைக்கு மருந்து கொடுத்தாள் என்பது கொடை. குழந்தைக்கு ஏற்ற மருந்து என்பது தகவு. குழந்தைக்குப் பகையான மருந்து என்பது பகை. கொடுக்கும் பொருள் ஏற்றதா, பகையா என்பதை முன்னரே அறிந்துகொள்வதுதான் நாம் இங்குப் பேசும் மருத்துவம்.

திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' இதற்கு நல்ல தொடக்கம். மருத்துவன் நோயுற்றவரின் அளவையும் நோயின் அளவையும் காலத்தையும் எண்ணிச் செயற்பட வேண்டும் என்கிறது 949ஆம் குறள். நோயுற்றவரின் அளவு என்பதைப் பரிமேலழகர் அவருடைய உடலியல்பு, பருவம், படும் துன்பம், வலிமை ஆகியவற்றின் அளவாக விரிக்கிறார். 950ஆம் குறள் மருத்துவத்தை நான்கு உறுப்புடையதாகப் பகுக்கிறது. அவற்றுள் நான்காவது 'உழைச்செல்வான்', அதாவது நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்தைப் பிழையாமல் அளிப்பவர். பேசத் தெரியாத பச்சிளங்குழந்தைக்கு அவ்வுழைச்செல்வான் தாயே. குழந்தையின் அளவை மருத்துவருக்குச் சொல்பவளும், மருத்துவரின் சொல்லைக் குழந்தையிடத்துச் செயலாக்குபவளும் அவளே. இவ்விருவழிப் போக்கும் மொழியின் வழியாகவே நடக்கின்றது. அவ்வழி அடைபட்டால் எத்துணை நுட்பமான சோதனையும் வீட்டு வாயிலோடு நின்றுவிடும். இவ்வுரையில் நான் வலியுறுத்த விழைவது இவ்வொன்றையே.

2. பழைய முறையின் அறிவும் எல்லையும்

தமிழ் மருத்துவத்தில் குழந்தைகளுக்கென 'பாலவாகடம்' என்னும் தனிப்பிரிவு இருந்தது. 'வாகடம்' என்றால் மருத்துவ நூல். மாந்தம், கணம் முதலான நோய்கள் அதில் வகைப்படுத்தப்பட்டன. ஒரே மருந்தை நோயாளிக்கும் நோய்க்கும் ஏற்பத் தேன், வெந்நீர், தாய்ப்பால் என வெவ்வேறு துணைப்பொருளோடு கொடுத்தனர். அத்துணைப்பொருளுக்கு 'அனுபானம்' என்று பெயர். வசம்பு, சாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் ஆகியவற்றை உரைகல்லில் இழைத்துப் புகட்டிய உரைமருந்தில் குழந்தையின் வயதுக்கேற்ப இழைப்பின் அளவு மாறியது. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்று வழங்கும் பெயரே அதன் புழக்கத்தைக் காட்டும். பால்குடிக்கும் குழந்தைக்கு நோய் வந்தால் தாய் பத்தியம் இருந்தாள். தாயின் உணவு பாலின் வழியே சேயைச் சேரும் என்னும் அறிவு அவ்வழக்கத்துக்கு அடிப்படை.

இவற்றைப் பெருமையாகக் கூறி நிறுத்துவது வரலாறாகாது. மருத்துவச்சியின் கண்ணுக்கும் கைக்கும் எட்டியவற்றில் ஆளுக்கு ஆள் வேறுபாடு காணப்பட்டது. வயது, எடை, நாடி, நிறம், மலம் ஆகியவை எட்டின. குருதிக்குள்ளும் உயிரணுவுக்குள்ளும் உள்ள வேறுபாடு எட்டவில்லை. பிறந்து மூன்றாம் நாள் மஞ்சள் படர்ந்த இரு குழந்தைகளுள் ஒன்று தானே தேறுவதும் மற்றொன்று இறப்பதும் ஏன் என்ற வினாவுக்குப் பழைய முறையில் விடை இல்லை. கிரகம், தோஷம் என்ற சொற்களே விடையின் இடத்தில் இருந்தன. காரணம் அறியாத இடத்தில் மொழி ஒரு பெயரை வைத்து அமைதி கொள்வது உலக வழக்கம்.

3. மானிப்பாயில் ஒரு மொழிபெயர்ப்பு

மேலை மருத்துவம் தமிழ்த் தாயிடம் தமிழில் பேச முற்பட்ட முதல் பெருமுயற்சி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தவரான மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மருத்துவப் பணியும் கற்பித்தலும் மேற்கொண்டார். 1857இல் மோன்செல் என்பாரின் பேறுகால மருத்துவ நூல் அவர் முயற்சியால் தமிழில் வெளிவந்தது. 1860களில் அவர் மருத்துவக் கல்வியையே தமிழில் நடத்தத் தொடங்கினார். கலைச்சொற்களை முதலில் தமிழிலும், அங்குக் கிடைக்காவிடில் வடமொழியிலும் தேடி, இரண்டும் உதவாதபோதே ஆங்கிலச் சொல்லைத் தமிழ் எழுத்தில் ஏற்கும் முறையை அவர் பின்பற்றினார்.

அவருடைய கலைச்சொற்களுள் பல இன்று வழக்கில் இல்லை. ஆயினும் பேறுகால நூல் தொடக்கத்திலேயே தமிழாக்கப்பட்டது நம் கவனத்துக்குரியது. அந்நாளில் பிரசவம் நிகழ்ந்த இடம் வீடு. வீட்டின் மொழி தமிழ். அறிவு அங்குச் செல்ல வேண்டுமாயின் அம்மொழியில்தான் செல்ல வேண்டும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். பிற்காலத்தில் இலங்கைத் தமிழர் பலர் மலாயாவின் இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்ற வந்தனர். ஆனால் இங்குத் தோட்ட மருத்துவமனையின் ஏடுகள் ஆங்கிலத்தில் இருந்தன. மருத்துவ உதவியாளரான 'டிரசர்' வாய்மொழியாகச் சொன்னதே பெரும்பாலான தாய்மாருக்குக் கிடைத்த மருத்துவத் தமிழ். தாய் பால்வெட்டப் போனபின் குழந்தை ஆயக்கொட்டகையில் இருந்தது. ஆகவே அச்சொல் தாயைத் தாண்டி ஆயாவையும் சென்றடைய வேண்டியிருந்தது.

4. கண்டாங் கெர்பாவ்

இனிச் சிங்கப்பூருக்கு வருவோம். நம் தேக்காவை அடுத்திருந்த கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை 1924இல் 30 படுக்கைகளுடன் இலவச மகப்பேற்று மருத்துவமனையாகச் செயற்படத் தொடங்கியது. அம்மலாய்ப் பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். வட்டாரத்தின் பழைய மாட்டுத் தொழிலை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. 1966இல் அங்கு ஏறத்தாழ 40,000 குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட பிரசவங்கள். ஒரே மகப்பேற்று மருத்துவமனையில் நிகழ்ந்த மிகுதியான பிறப்புகள் என உலகச் சாதனை ஏட்டிலும் அது இடம்பெற்றது. ஆளறிந்த மருத்துவத்துக்கு இடமே இல்லாததுபோல் தோன்றும் அந்நெருக்கடிக் காலத்தில்தான் அதன் சிறந்த எடுத்துக்காட்டு ஒன்று இந்நாட்டில் உருவாயிற்று.

பிறந்த குழந்தையின் உடலில் பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்னும் மஞ்சள் நிறப்பொருள் உண்டாகிறது. பெரும்பாலான குழந்தைகளிடம் அது தானே குறைந்துவிடும். சிலரிடம் மிகையாகப் பெருகி மூளையில் படியும். அவ்வாறு படிந்தால் குழந்தை இறக்கலாம். பிழைத்தாலும் கேட்கும் திறனை இழக்கலாம், மூளை முடக்குவாதத்துக்கு ஆளாகலாம். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் சிங்கப்பூர்க் குழந்தைகளிடம் இக்கேடு கவலைக்குரிய அளவில் இருந்தது.

அதன் காரணங்களுள் ஒன்றை அறிய உதவிய செய்தி வேறொரு கண்டத்திலிருந்து வந்தது. மலேரியாவுக்கான பிரிமாகுயின் மருந்தை உட்கொண்டவருள் சிலருக்கு மட்டும் சிவப்பணுக்கள் திடீரெனச் சிதைந்தன. அமெரிக்காவின் இலினாய் மாநிலச் சிறையொன்றின் கைதிகளிடம் நடந்த ஆய்வின் வழியாக, அவர்களின் சிவப்பணுவில் ஜி6பிடி என்னும் நொதி குறைந்திருப்பதே காரணம் என 1956இல் கண்டறியப்பட்டது. குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டிஹைட்ரஜனேஸ் என்பது அதன் முழுப்பெயர். சிவப்பணுவைச் சில வேதிப்பொருள்களின் தாக்குதலிலிருந்து காப்பது அந்நொதியின் பணி. இக்குறைபாடு எக்ஸ் குரோமோசோமின் வழியே இறங்குவதால் ஆண் குழந்தைகளிடம் மிகுதியாக வெளிப்படும். தாய் நலமாகவே இருப்பாள். ஆயினும் அவளிடமிருந்து மகனுக்கு அது செல்லக்கூடும்.

சிங்கப்பூர்க் குழந்தைகளின் மூளையைத் தாக்கிய மஞ்சள் காமாலைக்கும் இக்குறைபாட்டுக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்து எடுத்துக்காட்டியவர் பேராசிரியர் வோங் ஹொக் பூன். 1965இல் பிறக்கும் குழந்தைகளின் தொப்புள்கொடிக் குருதியைச் சோதிக்கும் திட்டம் தொடங்கியது. குறைபாடுடைய குழந்தைகளைத் தொடக்கக் காலத்தில் சில வாரங்கள் மருத்துவமனையிலேயே வைத்துக் காத்தனர். பிலிருபின் ஏறினால் ஒளிச்சிகிச்சையோ குருதியை மாற்றி ஏற்றுவதோ உரிய நேரத்தில் செய்ய முடிந்தது. மூளைப் பாதிப்பால் நேர்ந்த இறப்புகள் பெரிதும் குறைந்தன.

இவ்வரலாற்றில் மாணவர்கள் கருத வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இக்குறைபாடு சீனரிடமும் மலாய்க்காரரிடமும் கூடுதலாகவும் இந்தியரிடம் குறைவாகவும் காணப்பட்டது. இனத்தைப் பார்த்துச் சோதித்திருந்தால் செலவு குறைந்திருக்கும். குறைபாடுள்ள தமிழ்க் குழந்தை மட்டும் கண்ணுக்குத் தப்பியிருக்கும். எல்லாரையும் சோதித்ததால்தான் அந்த ஒருவர் அகப்பட்டார். ஆளறிந்த மருத்துவம் செல்வர்க்குரிய தனிச்சலுகை என்று எண்ணுகிறோம். இந்நாட்டில் அது எளிய மக்கள் குழந்தை பெற்ற பொது மருத்துவமனையில், அனைவருக்கும் பொதுவான ஒரு சோதனையாகத் தொடங்கியது.

5. அந்துருண்டையின் பெயர்கள்

சோதனை முடிந்து குழந்தை வீடு திரும்பும்போதுதான் மொழியின் பணி தொடங்குகிறது. இக்குறைபாட்டுக்கு மாற்றுமருந்து இல்லை. சிலவற்றைத் தவிர்ப்பதே காப்பு. அவற்றுள் முதன்மையானது நாப்தலின். நாப்தலின் என்ற சொல்லை அட்டையில் படித்த தாய் தன் அலமாரியைத் திறந்து பார்க்கமாட்டாள். அந்துருண்டை என்றால் பார்ப்பாள். பாச்சை உருண்டை என்றாலும் பார்ப்பாள். தமிழகத்தில் சிலர் அதனை இரசகற்பூரம் என்பர். மூத்த பிள்ளையின் துணிகளை அவ்வுருண்டையிட்டு மடித்து வைத்து அடுத்த பிள்ளைக்கு உடுத்துவது நம் குடும்பங்களின் சிக்கன வழக்கம். அவ்வாசமே குறைபாடுள்ள குழந்தையின் சிவப்பணுக்களைச் சிதைக்கப் போதுமானது.

மலாய் மொழியில் அதற்கு 'ஊபாட் கெகாட்' என்று பெயர். 'ஊபாட்' என்றால் மருந்து. தமிழிலும் பூச்சிமருந்து, வெடிமருந்து, இடுமருந்து என்கிறோம். நோய் தீர்ப்பதும் மருந்து, உயிர் போக்குவதும் மருந்து. இரு மொழியினரும் இவ்விரு பொருளையும் ஒரே சொல்லில் அடக்கியிருப்பது வியப்புக்குரியது. எது எதுவாகும் என்பதைத் தீர்மானிப்பது, முன்னே கூறிய 'யாருக்கு' என்னும் வினாவே.

சீனக் குடும்பங்கள் பிறந்த குழந்தைக்குப் புகட்டிவந்த ஹுவாங்லியன் என்னும் மூலிகையும் காமாலையை மிகுவிப்பதாக ஐயுறப்பட்டு, 1978இல் சிங்கப்பூரில் தடைசெய்யப்பட்டது. பிற்கால ஆய்வுகளை மறுபடி சீர்தூக்கிப் பார்த்தபின் 2013 முதல் அத்தடை படிப்படியாக நீக்கப்பட்டது. அன்று குழந்தைகளைக் காக்கும் கடமை தடையை வேண்டியது. பின்னர்ச் சான்று மாறியபோது முடிவும் மாறியது. எச்சரிக்கைப் பட்டியல் கல்வெட்டன்று. பட்டியல் திருத்தப்படும்போது அதன் தமிழ் வடிவமும் உடன் திருத்தப்பட வேண்டும். நம் வழக்கங்களும் அப்பட்டியலுக்கு அப்பாற்பட்டவை அல்ல. குழந்தையின் உடலில் மருதாணி பூசியதால் சிவப்பணுக்கள் சிதைந்த நிகழ்வுகள் வளைகுடா நாடுகளின் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன.

குறைபாடுள்ள குழந்தைக்குப் பாலூட்டும் தாயும் ஃபாவா பீன்ஸையும் சில மருந்துகளையும் தவிர்க்கும்படி இன்றைய மருத்துவர் அறிவுறுத்துகின்றனர். அதற்கு நாம் புதுச்சொல் தேட வேண்டியதில்லை. பத்தியம் என்ற சொல் காத்திருக்கிறது. மேலே கண்ட பழைய முறையின் ஒரு கூறு, இங்குக் காரணம் தெளிவான நிலையில் மீண்டும் பொருந்துகிறது.

6. தாயின் குருதியும் தாயின் நினைவும்

சேயைப் பற்றிச் சொன்னேன். தாய்க்கும் ஓர் எடுத்துக்காட்டுத் தரவேண்டும். தெற்காசியரிடையே ஏறத்தாழ 20 பேருக்கு ஒருவர் ஆர்எச் நெகட்டிவ் குருதியினர். சீனரிடமும் மலாய்க்காரரிடமும் இவ்வகை 100 பேருக்கு ஒருவரினும் குறைவு. ஆகவே இது நம் பெண்களை மிகுதியாகத் தொடும் செய்தி. இத்தகைய தாயின் வயிற்றில் ஆர்எச் பாசிட்டிவ் குழந்தை வளர்ந்தால், பிரசவத்தின்போது கலக்கும் குழந்தையின் குருதிக்கு எதிராகத் தாயின் உடல் எதிர்ப்பொருளை உண்டாக்கும். முதற்குழந்தை பெரும்பாலும் தப்பும். அடுத்த குழந்தைகளின் சிவப்பணுக்களை அவ்வெதிர்ப்பொருள் அழிக்கும். முதற்பிள்ளை நலமாக இருக்க, அடுத்தடுத்த பிள்ளைகள் தங்காமற்போன குடும்பங்கள் சிலவற்றின் துயரத்துக்கு இது காரணமாக இருந்திருக்கலாம். பழி என்னவோ தாயின் மீதே விழுந்தது.

1968இல் ஆன்டி-டி ஊசி பயன்பாட்டுக்கு வந்தபின் இது பெரிதும் தடுக்கத்தக்கதாயிற்று. ஆனால் ஊசி உரிய காலத்தில் போடப்பட வேண்டும். முந்தைய கருச்சிதைவு, குருதியேற்றம் ஆகியவற்றை மருத்துவர் அறிந்திருக்க வேண்டும். அவற்றைச் சொல்ல வேண்டியவள் தாய். 'அபார்ஷன்' என்ற சொல்லைக் கேட்டுக் கருக்கலைப்பைக் குறிப்பதாக எண்ணி 'இல்லை' என்பாள். 'கரு தங்காமல் போனதுண்டா?' என்று கேட்டால் உண்மை வெளிவரும். மாமியாரின் முன்னிலையில் கேட்டால் அதுவும் வாராது. கேட்கும் சொல்லும் கேட்கும் இடமும் சரியாக அமைந்தால்தான் அடுத்த குழந்தைக்கு உரிய மருத்துவம் கிடைக்கும்.

மலேசிய அரசு மருந்தகங்கள் இச்சிக்கலுக்கு ஒரு பகுதி விடை கண்டன. கருவுற்ற பெண்ணின் பதிவேட்டில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் நிறங்களை ஒட்டி, அவருக்கு எத்துணைக் கவனிப்புத் தேவை, யார் கவனிக்க வேண்டும் என்பதைக் குறித்தனர். எழுத்தறியாதவருக்கும் சிவப்பு புரியும். ஆனால் நிறம் 'ஆபத்து' என்று மட்டும் சொல்லும். ஏன் ஆபத்து, வீட்டில் என்ன செய்யலாம், என்ன செய்யலாகாது என்று சொல்லாது. அங்குத் தாதியின் வாய்ச்சொல்லே துணை.

7. மரபணுக் காலம்

இன்று வேறுபாட்டை மரபணுவிலேயே படிக்கிறார்கள். 2019இல் 4,810 சிங்கப்பூரர்களின் முழு மரபணுத்தொகுப்பை ஆராய்ந்த முடிவு வெளியாயிற்று. சீனர், மலாய்க்காரர், இந்தியர் ஆகிய மூவினத்தாரும் அதில் இடம்பெற்றனர். ஐரோப்பியரின் தரவுகளே மலிந்திருந்த துறையில் நம்மவரின் வேறுபாடுகளும் பதிவாகத் தொடங்கியது இன்றியமையாத முன்னேற்றம். 2025ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. அரிய பிறவிக் குறைபாட்டால் உடலில் அம்மோனியா தேங்கிய ஒரு குழந்தைக்கென்றே, அக்குழந்தையின் மரபணுப் பிழையைத் திருத்தும் மருந்து ஏறத்தாழ ஆறு மாதங்களில் ஆக்கி அளிக்கப்பட்டது. உலகில் ஒரே ஒரு குழந்தைக்காகச் செய்யப்பட்ட மருந்து அது. 'யாருக்கு' என்ற வினாவின் கடைசி எல்லை எனலாம்.

ஆயினும் அத்தகைய மருத்துவத்துக்குத் தாயின் இசைவு வேண்டும். எதற்கு இசைகிறோம் என்று அறிந்து இசைய வேண்டும். 'மரபணுத் திருத்தம்', 'நோய் தாங்கி', 'வாய்ப்பு விகிதம்' என்னும் தொடர்கள் அவள் காதில் என்ன பொருளைத் தருகின்றன? 'நோய் தாங்கி' என்பதைக் கேட்ட இளம்பெண் தான் நோயாளி என்று அஞ்சினால், அச்சொல் இலக்கணப்படி சரியாயினும் மருத்துவப்படி பிழை. 'நான்கில் ஒரு வாய்ப்பு' என்பதை, மூன்று பிள்ளைகள் நலமாகப் பிறந்தால் நான்காவது நோயோடு பிறக்கும் என்று கொள்வாரும் உளர். ஒவ்வொரு பிரசவத்திலும் அதே வாய்ப்பு என்பதைத் தெளிவாகச் சொல்லும் தமிழ்த்தொடர் நம்மிடம் நிலைபெற வேண்டும்.

8. நாம் செய்யத்தக்கவை

ஆசிரியப் பெருமக்களுக்கு என் வேண்டுகோள் ஒன்று. கலைச்சொல்லாக்கத்தைச் சொற்பட்டியலாகக் கற்பிப்பதோடு நிறுத்தாமல், 'இச்சொல்லைக் கேட்பவர் என்ன செய்வார்?' என்ற வினாவோடு சேர்த்துக் கற்பியுங்கள். நாப்தலின், அந்துருண்டை என்னும் இரண்டில் எது தூயது என்பது இரண்டாம் வினா. எதைக் கேட்டால் தாய் அலமாரியைத் திறப்பாள் என்பது முதல் வினா. தூய்மையும் பயனும் ஒருங்கே அமையும் சொல் கிடைத்தால் மகிழ்ச்சி. அமையாதபோது பயனே முந்த வேண்டும். நொதி என்ற நல்ல தமிழ்ச்சொல்லை வகுப்பறையில் நிலைநிறுத்துவோம். வீட்டு எச்சரிக்கையில் மக்கள் வழங்கும் சொல்லை இடுவோம்.

மாணவர்கள் தத்தம் வீட்டில் தாய், பாட்டி ஆகியோரின் பேறுகால வரலாற்றைத் தமிழிலேயே கேட்டு எழுதலாம். எந்த மருந்து ஆகவில்லை, எந்தக் குழந்தைக்கு மஞ்சள் வந்தது, குருதி வகை என்ன என்பன அதில் இடம்பெறட்டும். அது மொழிப்பாடத்துக்கு நல்ல ஒப்படைப்பு. அக்குடும்பத்தில் அடுத்துப் பிறக்கும் குழந்தைக்கு ஒரு மருத்துவ ஆவணமுமாகும். அதில் உள்ளவை குடும்பத்தின் மறைபொருள் என்பதால், வகுப்பில் வாசிக்காமல் வீட்டிலேயே காக்க வேண்டும்.

தொப்புள்கொடிக் குருதியைச் சோதித்தவர் ஆய்வகத்தினர். அந்துருண்டையை அலமாரியிலிருந்து அகற்றியவள் தாய். முன்னவர் பணிக்கு அறிவியல் துணைநின்றது. பின்னவள் பணிக்கு அவளுக்குப் புரிந்த மொழி துணைநின்றது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தால் அக்குழந்தை பிழைத்திருக்காது.